காசநோய்க் கிருமி உள்ளே போனால் உடம்பு என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "நான் சரியா சோறு போடலையா?" என்பதுதான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே காற்று. எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் இல்லை, அவனுக்கு மட்டும் வந்தது. நான் நுண்ணுயிரியல் படித்தவள், ஆனால் அன்றைக்கு அம்மாவுக்குப் புரியும்படி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு ஆறு மாதம் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கிருமி உள்ளே போய்விட்டால் காசநோய் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். கிருமி தொற்றுவது ஒன்று, நோயாக வெளிப்படுவது இன்னொன்று. உலக மக்கள் தொகையில் ஏறத்தாழ கால் பங்கு பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கிருமி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது, அதிலும் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடுகிறது. மற்ற எல்லோரிடமும் உடம்பு ஏதோ ஒரு வகையில் சமாளித்துவிடுகிறது. அந்த "ஏதோ ஒரு வகை" என்ன என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

உள்ளே வரும் கிருமியை முதலில் சந்திப்பது எது?

நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் காய்ந்து, இன்னும் சிறிதாகி, மணிக்கணக்கில் மிதக்கும். பெரிய துளி என்றால் மூக்கிலோ தொண்டையிலோ ஒட்டிக்கொண்டு சளியோடு வெளியே போய்விடும். இந்தச் சின்னத் துளிகள், அதாவது 5 மைக்ரானுக்கும் குறைவானவை, நேராக நுரையீரலின் அடி ஆழத்தில் இருக்கும் காற்று நுண்ணறைகள் வரை போய்விடுகின்றன. அங்கே காவல் இருப்பவை மேக்ரோபேஜ் எனும் பெரிய விழுங்கு செல்கள். தூசி, புகைக் கரி, செத்த செல், கிருமி என்று எது வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடுவதுதான் அவற்றின் வேலை. காசநோய்க் கிருமியையும் அப்படித்தான் விழுங்குகின்றன.

விழுங்கிவிட்டால் கிருமி செத்துப்போக வேண்டாமா?

மற்ற பல கிருமிகள் செத்துப்போகும். ஆனால் இது குடியிருக்கத் தேடி வருவதே அந்த மேக்ரோபேஜின் வயிற்றைத்தான்.

மேக்ரோபேஜ் ஒரு கிருமியை விழுங்கியதும் அதைச் சுற்றி ஒரு சின்னப் பை உருவாகும். பிறகு அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த இன்னொரு பை, லைசோசோம் என்று பெயர், அதனோடு வந்து இணையும். அதோடு கிருமி கதை முடிந்துவிடும். காசநோய்க் கிருமி இந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. அதன் வெளிச்சுவரில் மெழுகு போன்ற கொழுப்புகள் இருக்கின்றன, மைக்கோலிக் அமிலம் அவற்றில் முக்கியமானது. ஆய்வகத்தில் சளியைச் சாயமேற்றி அமிலம் ஊற்றிக் கழுவினாலும் இந்தக் கிருமி மட்டும் சிவப்பாகவே நிற்பதற்குக் காரணம் அந்த மெழுகுச் சுவர்தான். அந்தச் சுவரில் இருக்கும் சில கொழுப்புகளும் கிருமி வெளியே விடும் சில புரதங்களும் சேர்ந்து, பை முதிராமல், அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்கின்றன. போதாததற்கு, ஈசாட்-6 என்ற புரதத்தை வெளியே தள்ளும் ஒரு ஏற்பாடும் அதனிடம் உண்டு. அதை வைத்துப் பையின் சவ்வையே சேதப்படுத்த முடியும். இந்த ஈசாட்-6 என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனைகளைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

எல்லா மேக்ரோபேஜும் தோற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியோடு ஒரே அறையில் பல மாதம் இருந்தும் எந்தப் பரிசோதனையிலும் தொற்றின் தடயமே காட்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் இந்த முதல் கட்டத்திலேயே கிருமி அழிந்திருக்கலாம் என்று நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

இவ்வளவு நடக்கும்போது மற்ற எதிர்ப்பு செல்கள் எல்லாம் எங்கே போயின?

அவற்றுக்குத் தகவலே போய்ச் சேர்ந்திருக்காது! எனக்கு இந்த நோயிலேயே அதிகம் யோசிக்கத் தோன்றும் இடம் இதுதான். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும், காசநோய்க் கிருமிக்கு அதற்குக் கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும். அவ்வளவு மெதுவாக, சத்தமில்லாமல் பெருகுவதால் உடம்பில் பெரிய எச்சரிக்கை மணி எதுவும் அடிப்பதில்லை. யாராவது ஒரு செல் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய் நிணநீர்க் கணுவில், நாம் நெறிகட்டி என்று சொல்கிறோமே அந்த இடத்தில், காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அங்கே இருக்கும் டி செல்கள், அதாவது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு வேலை செய்யும் வெள்ளை அணுக்கள், தயாராகிப் பெருகி நுரையீரலுக்குக் கிளம்பும். தகவல் கொண்டுபோகும் டென்ட்ரைட்டிக் செல்லின் வேலையையே இந்தக் கிருமி தாமதப்படுத்துகிறது. எலிகளில் பார்த்தால் கிருமி நிணநீர்க் கணுவை எட்டவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மனிதர்களில், டி செல்கள் தயாராகிவிட்டதைக் காட்டும் தோல் பரிசோதனை பாசிட்டிவ் ஆவதற்கு 2 முதல் 8 வாரம் வரை ஆகும். சளிக் காய்ச்சல் வைரஸ் வந்தால் ஒரு வாரத்தில் டி செல்கள் வேலையை ஆரம்பித்துவிடும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் கிருமி தனக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டுவிடுகிறது.

டி செல்கள் வந்து சேர்ந்ததும் என்ன நடக்கிறது?

இங்கே முக்கியமான வேலையைச் செய்வது சி.டி.4 டி செல்கள். அவை நேராகக் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு திணறும் மேக்ரோபேஜிடம் போய், இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியைக் கொடுக்கின்றன. அது கிடைத்ததும் மேக்ரோபேஜுக்குத் தெம்பு வருகிறது, தடைபட்டிருந்த பை முதிர்கிறது, நச்சு வேதிப்பொருள்கள் சுரக்கின்றன, பிடித்து வைத்திருந்த கிருமியை அது தாக்க ஆரம்பிக்கிறது. டி.என்.எஃப். என்ற இன்னொரு செய்தியும் கூடவே வேலை செய்கிறது.

இதெல்லாம் எப்படி உறுதியாகத் தெரியும் என்றால், ஒவ்வொன்றும் இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்த்ததால்தான். 1993இல் இன்டர்ஃபெரான் காமா சுரக்க முடியாத எலிகளுக்குக் கிருமியைக் கொடுத்தபோது அவை சீக்கிரமே செத்துப்போயின. 1996இல், அந்தச் செய்தியைப் பெறும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள், பாவம், மற்றவர்களை ஒன்றுமே செய்யாத மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் சாதாரண மைக்கோபாக்டீரியாக்கள்கூட, அதாவது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள்கூட, அவர்களுக்கு உயிராபத்தாக இருந்தன. எச்.ஐ.வி. அழிப்பது இதே சி.டி.4 செல்களைத்தான். சாதாரணமாக ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து இருக்கும் ஆபத்து, சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஒரே வருடத்தில் இருக்கிறது. அப்புறம் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தார்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாவது ஊசிக்குள்ளேயே வந்திருந்தது. அதனால்தான் இப்போது அந்த வகை ஊசி போடும் முன் காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அந்த ஊசி எழுதிக் கொடுத்து, இந்தப் பரிசோதனையைச் சொல்லவில்லை என்றால், தயங்காமல் கேளுங்கள்.

கிரானுலோமா என்கிறார்களே, அது கட்டியா? புற்றுநோய் மாதிரியா?

புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிருமி இருக்கும் மேக்ரோபேஜ்களைச் சுற்றி இன்னும் மேக்ரோபேஜ்கள் வந்து நெருக்கமாக ஒட்டிக்கொள்கின்றன, சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாகின்றன, வெளியே டி செல்கள் வளையமாக நிற்கின்றன, அதற்கும் வெளியே நார்த்திசு வளர்கிறது. நடுவில் செல்கள் செத்து, பார்ப்பதற்குப் பனீர் உதிர்ந்தது போல ஒரு பொருள் தங்குகிறது. இந்த முழு உருண்டைதான் கிரானுலோமா. பழையது சுண்ணாம்பு படிந்து, பல வருடம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது வெள்ளைப் புள்ளியாகத் தெரிவதும் உண்டு.

நான் படித்த காலத்தில் இதை ஒரு சிறைச்சாலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். உடம்பு கிருமியைச் சிறை வைத்திருக்கிறது, சுவர் இடிந்தால் நோய். அந்தப் படம் பாதிதான் சரி. லலிதா ராமகிருஷ்ணன் என்ற விஞ்ஞானி, சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை, வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு கிருமியை விட்டு ஆராய்ந்தார். அந்த மீன் குஞ்சு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். ஆரம்பக் கட்டத்தில், சாகும் மேக்ரோபேஜ்களைத் தேடி வரும் புது மேக்ரோபேஜ்கள் அந்தக் கிருமிகளையும் சேர்த்து விழுங்கி, கிருமிக்குப் புது வீடாகிவிடுவதை அவர் குழு காட்டியது. அதாவது உடம்பு கட்டும் அரண் ஒரு கட்டம் வரை கிருமிக்கே உதவுகிறது.

குரங்குகளில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒவ்வொரு கிரானுலோமாவும் பெரும்பாலும் ஒரே ஒரு கிருமியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, ஒரே குரங்கின் நுரையீரலுக்குள் ஒரு கிரானுலோமாவில் கிருமி முழுசாக அழிந்திருக்கும், பக்கத்திலேயே இன்னொன்றில் பெருகிக்கொண்டிருக்கும். ஆகவே "இவருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது, இவருக்கு இல்லை" என்று ஆளை வைத்துச் சொல்வதே சரியாக வராது. ஒரே உடம்புக்குள் பல இடங்களில் பல போராட்டங்கள் நடக்கின்றன, எங்காவது ஒரு இடத்தில் தோற்றாலும் நோய் வந்துவிடும். தம்பி விஷயத்தில் எனக்கு ஆறுதல் தந்த முதல் தகவல் இதுதான்.

நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். கிருமி தின்றுவிட்டதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தக் கிருமி திசுவைக் கரைக்கும் பெரிய நச்சு எதையும் கொட்டுவதில்லை. ஓட்டை பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்வினையால் விழுவது. கிரானுலோமாவின் நடுப்பகுதி இளகித் திரவமாகிறது, அங்கே கூடியிருக்கும் நம் செல்கள் சுரக்கும் நொதிகள் நுரையீரலின் கொலாஜன் நார்களை அரிக்கின்றன, கடைசியில் அது ஒரு மூச்சுக்குழாயில் உடைந்து திறந்துகொள்கிறது. அப்போது காற்று தாராளமாகக் கிடைப்பதால் கிருமி கோடிக்கணக்கில் பெருகி, இருமலோடு வெளியே வந்து அடுத்தவருக்குப் போகிறது.

இதற்கு நல்ல ஆதாரம் எச்.ஐ.வி. முற்றியவர்களின் எக்ஸ்ரே. அவர்களுக்குக் காசநோய் வந்தால் பெரும்பாலும் இப்படி ஓட்டை விழுவதில்லை, சளியில் கிருமி தெரிவதும் குறைவு. எதிர்ப்பு செல்களே இல்லாதபோது திசு அழிவும் குறைந்துவிடுகிறது, ஆனால் கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவ வேண்டுமானால் இந்தக் கிருமிக்கு நம் எதிர்ப்பு மண்டலம் ஓரளவு வலுவாக வேலை செய்தாக வேண்டும்.

காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது?

இவையும் நம் செல்கள் சுரக்கும் செய்திகளால் வருபவைதான். டி.என்.எஃப். என்ற அதே பொருளுக்கு ஒரு காலத்தில் உடம்பை உருக்குவது என்ற அர்த்தத்தில் கேக்கெக்டின் என்றே பெயர் இருந்தது. பசியைக் கொல்லும், தசையைக் கரைக்கும். பழைய ஆட்கள் இந்த நோயை எலும்புருக்கி நோய் என்று சொன்னது வெறும் பேச்சில்லை.

ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமே?

எடுக்காதீர்கள். ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க நம் உடம்பு உண்டாக்கும் புரதம், செல்லுக்கு வெளியே இருக்கும் கிருமியைப் பிடிக்கத்தான் அது வசதியானது, இது செல்லுக்குள்ளே ஒளிந்திருப்பது. ஆன்டிபாடி உருவாகத்தான் செய்கிறது, அதற்கு ஏதாவது பங்கும் இருக்கலாம், ஆனால் அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுகள் தப்பும் தவறுமாகச் சொன்னதால் 2011இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது, 2012இல் இந்திய அரசு தடையே போட்டுவிட்டது. நுரையீரலில் நோய் இருக்கிறதா என்று தெரிய சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் வழி.

மாண்டூ டெஸ்ட் பாசிட்டிவ். எனக்கு டி.பி.யா?

மாண்டூ டெஸ்ட்டில் கிருமியின் புரதச் சாற்றைத் தோலுக்குள் கொஞ்சம் போட்டு, 48 முதல் 72 மணி நேரத்தில் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளக்கிறார்கள். சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் பொதுவாக பாசிட்டிவ். அதன் அர்த்தம், உங்கள் டி செல்களுக்கு இந்தக் கிருமியை, அல்லது அதன் உறவுக்காரர்களை, முன்பே தெரியும் என்பது மட்டும்தான். நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே இன்னும் உயிரோடு கிருமி இருக்கிறது என்றுகூட அர்த்தமில்லை, ஏனென்றால் கிருமி அழிந்த பிறகும் டி செல்களின் நினைவு போகாது. அதேபோல நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மிகவும் மெலிந்துபோனவர்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் நோய் முற்றியிருக்கும்போதே தோல் தடிக்காமல் இருக்கலாம், தடிக்க வைக்கும் டி செல்களே அவர்களிடம் குறைந்திருக்கும்.

பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கும் மாண்டூ சில சமயம் பாசிட்டிவ் காட்டும். இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. நான் முன்னே சொன்ன ஈசாட்-6 புரதத்தைக் காட்டி உங்கள் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். பி.சி.ஜி. ஊசியில் இருக்கும் வீரியம் குறைந்த கிருமியில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே கிடையாது.

குழந்தையாக இருக்கும்போதே பி.சி.ஜி. போட்டோமே, அப்புறம் ஏன் வந்தது?

இதற்கான பதிலைத் தேடிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் செங்கல்பட்டில் நடந்தது.

பி.சி.ஜி.யை உருவாக்கியவர்கள் பிரான்சின் கால்மெட், கெரான் இருவரும். மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் 230 முறை திரும்பத் திரும்ப வளர்த்து, 13 வருடத்தில் அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் 1948இல் தடுப்பூசி இயக்கம் ஆரம்பித்தது, மருந்து தயாரித்ததும் சென்னை கிண்டியில்தான். பிரிட்டனில் நன்றாக வேலை செய்த ஊசி வேறு சில இடங்களில் வேலை செய்யவில்லை என்பதால் சந்தேகத்தைத் தீர்க்க 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.6 லட்சம் பேரை வைத்து ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழரை வருடம் பார்த்தார்கள், பிறகு 15 வருடம் வரை பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை.

ஏன்? பலரும் ஏற்கும் ஒரு விளக்கம், நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் மண்ணிலும் தண்ணீரிலும் நிறைய மைக்கோபாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவற்றோடு சின்ன வயதிலிருந்தே பழகிய எதிர்ப்பு மண்டலத்துக்கு பி.சி.ஜி. புதிதாக எதையும் கற்றுக் கொடுப்பதில்லை, அல்லது பி.சி.ஜி. கிருமியைப் பெருகவே விடாமல் அழித்துவிடுகிறது என்பது. இதனால் பி.சி.ஜி. வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் வகையையும் அது நன்றாகத் தடுக்கிறது. பிறந்ததும் போடுவது அதற்காகத்தான், கட்டாயம் போடுங்கள்.

ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது?

அம்மாவின் கேள்வி. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பெரிய விபத்து நடந்தது. பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுத்த பி.சி.ஜி.யில் ஆய்வகத் தவறால் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. சுமார் 250 குழந்தைகள் குடித்தார்கள், 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதைப் படிக்கும்போது மனது கனத்துப்போகும். ஆனால் மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள், பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். உள்ளே போன கிருமியின் அளவு ஒவ்வொரு குழந்தைக்கும் வேறுபட்டது, பிறவியிலேயே வரும் வித்தியாசமும் இருந்திருக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். எவ்வளவு கிருமி உள்ளே போனது, நுரையீரலின் எந்த இடத்தில் உட்கார்ந்தது, பிறவி மரபணு, சர்க்கரை நோய், புகை, குடி, கல் உடைக்கும் வேலையில் நுரையீரலில் சேரும் தூசி, உடல் எடை என்று எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது, நம் ஊரில் அது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. என் தம்பி ஒரு சின்ன, சன்னல் இல்லாத பட்டறையில் வேலை பார்த்தான், பக்கத்தில் நின்றவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அப்பாவும் அந்தக் காற்றைச் சுவாசிக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது.

சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?

உண்டு, ஆனால் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வந்த நோயைக் குணமாக்குவது மருந்து. 1956இல் சென்னையில் ஆரம்பித்த ஆய்வில், பாதிப் பேரை மருத்துவமனையில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள், பாதிப் பேரை நெரிசலான, வறுமையான அவர்கள் வீட்டிலேயே விட்டார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான். 1959இல் முடிவு வந்தபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க நோயாளிகள் வீட்டிலேயே மருந்து சாப்பிடும் முறைக்கு அடித்தளம் போட்டது அந்த ஆய்வு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம்.

நோய் வராமல் தடுப்பதில் சாப்பாட்டின் பங்கு வேறு. உடம்பு மெலிந்தால் முதலில் அடிபடுபவற்றில் டி செல்களும் அடக்கம். ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,000க்கும் மேற்பட்ட குடும்பத்தினரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதி வீடுகளில் குடும்பத்தினருக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவில் அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும்! ஒரு தடுப்பூசி இதைச் செய்திருந்தால் எத்தனை கொண்டாட்டம் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிகவும் மெலிந்த நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் 2022இல் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டுபிடித்தவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், எழுந்து நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு இதைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர், மாத்திரை வாங்கலாமா?

அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்குங்கள் என்பேன். வைட்டமின் டி மேக்ரோபேஜுக்கு உதவுகிறது என்று ஆய்வகத்தில் நன்றாகவே தெரிந்தது, ஆனால் மங்கோலியாவில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்ததில் தொற்று குறையவில்லை.

அதைவிட அடிப்படையான ஒன்று, இந்த நோயில் எதிர்ப்பு கூடினால் நல்லது என்பதே உண்மையில்லை. நான் சொன்ன மீன் ஆய்வில், டி.என்.எஃப். குறைந்தாலும் மீன் தோற்றது, அளவுக்கு மீறினாலும் மேக்ரோபேஜ்கள் வெடித்துச் செத்துக் கிருமி வெளியே கொட்டியது. மூளைக் காசநோயில் மருத்துவர்களே ஸ்டீராய்டு கொடுத்து எதிர்வினையை அடக்குகிறார்கள், அப்படிக் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2004இல் வியட்நாமில் நடந்த ஆய்வு காட்டியது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. ஆகவே தூண்டிவிடுகிறேன் என்று யாராவது எதையாவது விற்றால், எதைத் தூண்டுகிறீர்கள், எவ்வளவு என்று கேளுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு கழுத்துக் கட்டி பெரிதாகிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

பயப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிருமி சாகும்போது அதன் துண்டுகள் கொட்டுகின்றன, தேறிவரும் எதிர்ப்பு மண்டலம் அவற்றின்மேல் பாய்கிறது, அதனால் வீக்கம் கூடலாம். எச்.ஐ.வி.க்கு மருந்து ஆரம்பித்தவர்களிடம் சி.டி.4 செல்கள் திரும்பி வரும்போது இது இன்னும் பலமாக நடக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் பார்க்க வேண்டும் என்பதால்தான் காட்டச் சொல்கிறேன்.

இரண்டு மாதத்தில் தேறிவிட்டேன். மிச்சத்தை என் எதிர்ப்பு சக்தியே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் செத்துவிடுகின்றன, அதனால்தான் காய்ச்சல் போய் பசி வருகிறது. கிரானுலோமாவின் நடுவில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிகள் மெதுவாகத்தான் சாகும். அங்கே ரத்தக் குழாயும் இல்லை, டி செல்லும் நுழைவது கஷ்டம். மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் மீதி நான்கு மாதம். தம்பியும் மூன்றாவது மாதம் நிறுத்திவிடலாமா என்று கேட்டான், வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

ஒரு முறை வந்துபோனால் அம்மை மாதிரி மறுபடி வராதுதானே?

வரும். கேப் டவுனில் பார்த்தபோது, நன்றாகக் குணமானவர்களுக்குப் புதிதாகத் தொற்றி மறுபடி நோய் வருவது, ஒருமுறைகூட வராதவர்களைவிட அதிகமாகவே இருந்தது. அம்மை தரும் பாதுகாப்பை இந்த நோய் தருவதில்லை. தடுப்பூசி கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கும் இதுதான் காரணம், இயற்கையே செய்யாததை நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

புதுத் தடுப்பூசி வருமா?

2013இல் பெரிதாக எதிர்பார்த்த எம்.வி.ஏ.85ஏ என்ற தடுப்பூசி குழந்தைகளைப் பாதுகாக்கவில்லை, அது இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் டி செல்களைத் தூண்டியும் பலனில்லை. பிறகு எம்.72 என்ற ஊசி, ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களில் நோய் வருவதைப் பாதியாகக் குறைத்தது, 2024இல் சுமார் 20,000 பேரை வைத்து அடுத்த கட்டச் சோதனை தொடங்கியிருக்கிறது. பி.சி.ஜி.யையே தோலில் போடாமல் ரத்தக் குழாயில் போட்டபோது 10 குரங்குகளில் 9 நல்ல பாதுகாப்புப் பெற்றன, 6 குரங்குகளில் தொற்றே தெரியவில்லை. 2020இல் வந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் நுரையீரலில் முன்கூட்டியே போதுமான டி செல்களை நிறுத்தி வைத்தால் அந்தப் பல வாரத் தாமதத்தை ஜெயிக்க முடியும் என்று அது காட்டுகிறது.

எனக்கு இருமல்கூட இல்லை, என்னையும் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்களே?

வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் முதல் இரண்டு வருடம்தான் உங்களுக்கும் ஆபத்தான காலம் என்று மேலே சொன்னேன், அதற்காகத்தான். ஐசோனியாசிட் என்ற மருந்து மட்டும் ஆறு மாதம் தினமும், அல்லது ஐசோனியாசிடும் ரிஃபாபென்டின் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்து வாரம் ஒரு முறை 12 வாரம். அதற்கு முன் உங்களுக்கு நோய் இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வது முக்கியம், நோயே இருக்கும்போது ஒன்றிரண்டு மருந்து மட்டும் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். எங்கள் வீட்டில் மூன்று பேரும் 12 வாரம் சாப்பிட்டோம். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மூவரின் மாத்திரையையும் தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டு, தம்பிக்கு அவித்த முட்டையை உரிக்க ஆரம்பிப்பார்.